வானொலியில் ஓர் இலக்கிய மாலை: மூன்று மணி நேர ஒலிபரப்பைத் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சமூக வானொலியிலோ கல்லூரி வானொலியிலோ தன்னார்வலராக இருக்கிறீர்கள். திரைப்பாட்டும் வாழ்த்துச் செய்தியும் இல்லாமல், ஒரு மாலை முழுக்க ஆய்வுரை, சங்கப் பாட்டு, நாடகம், கச்சேரி என்று போட ஆசை. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. ஞாயிறு இரவு ஏழு முதல் பத்து வரை என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு பெரிய பேச்சாளருக்கு போன் போடுவது. அவர் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அதை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் மாலை முழுவதும் அந்தப் பேச்சைச் சுற்றியே வளைந்துவிடும். அப்புறம் "நம்ம ஊரில் கனமான விஷயத்தை யார் கேட்கிறார்கள்" என்ற புலம்பல். நான் பார்த்தவரை, கேட்பவர் வேறு நிலையத்துக்குப் போனதெல்லாம் வரிசை தப்பிய இடங்களில்தான். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஆறு வார அவகாசம் வேண்டும். நான்கு பேர் வேண்டும்: தயாரிப்பாளர், ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் பார்ப்பவர், அறிவிப்பாளர், ஒலிபரப்பு இரவில் கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர். தயாரிப்பாளரே அறிவிப்பாளராக இருக்க வேண்டாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவருக்கு, கேட்பவருக்கு எது தெரியாது என்பது தெரியாமல் போய்விடும்.

கருவிகள் பெரிதாக வேண்டாம். நல்ல மைக் இரண்டு, வெளியே எடுத்துப்போக ஒரு கையடக்க ரெக்கார்டர், காதை முழுக்க மூடும் ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள். ஹெட்போனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பதிவு நேரத்தில் காதில் விழாத ஃபேன் சத்தம் ஒலிபரப்பில் கண்டிப்பாக விழும்.

விதிமுறைகளையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் சமூக வானொலிக் கொள்கைப்படி, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு உள்ளூரிலேயே உருவாக வேண்டும். அரசியல் தன்மையுள்ள நடப்புச் செய்திகளுக்கு இடமில்லை. தொல்லியல் பற்றிப் பேசுகிறவர் நடுவில் இன்றைய ஆட்சியாளர்களைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தால் அந்தப் பகுதி போகாது. இதைப் பதிவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

2. தலைப்பைச் சுருக்குங்கள்

"தமிழர் கடல் வணிகம்" என்று தலைப்பு வைத்தால் நான்கு பேர் நான்கு திசையில் பேசுவார்கள். "அரிக்கமேடு" என்பதும் கொஞ்சம் அகலம்தான். எங்கள் வழக்கம், தலைப்பை ஒரு கேள்வியாக்குவது: அரிக்கமேட்டுக்கு ரோமர்கள் வந்து தங்கினார்களா, அல்லது முன்பே இருந்த ஓர் ஊருக்கு அவர்களுடைய சரக்கு வந்து சேர்ந்ததா?

இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அதற்கு ஒரு உண்மையான விவாதம் இருக்கிறது. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து, இத்தாலியிலிருந்து வந்த மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு காலத்தைக் கணித்து, அதை ரோம வணிகத் தலமாகப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் செய்த அகழாய்வுக்குப் பிறகு, ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அதன் பிறகும் வெகுகாலம் இருந்தது என்ற பார்வை வலுத்தது. பேச்சு, பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் இந்த ஒரே கேள்வியில் கோக்கலாம்.

ஒரு சோதனை: தலைப்பைக் கேட்டதும் "அப்படியா, எது சரி?" என்று யாராவது கேட்டால் தேறியது. "நல்ல தலைப்பு" என்று மட்டும் சொன்னால் இன்னும் சுருக்குங்கள்.

3. யாரையும் அழைக்கும் முன் உரிமை

இதைக் கடைசிக்குத் தள்ளினால், எடிட் செய்து முடித்த நாடகத்தைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. கடலூரிலேயே இரண்டு உதாரணம் கிடைக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் கதையை நீங்கள் தாராளமாக நாடகமாக்கலாம். கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் மறைந்தது 2015இல். 2075 முடியும்வரை குடும்பத்தாரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. "நம்ம ஊர்க்காரர்தானே" என்பது அனுமதி ஆகாது.

சங்கப் பாட்டுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. உரைக்கு உண்டு. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் குறிப்புகளைப் பயன்படுத்தலாம். இன்று வாழும் ஒருவர் எழுதிய உரையை வரிக்கு வரி படிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பும் இப்படித்தான். மூலம் 2,000 வருடம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை.

கச்சேரியில் தியாகராஜர், தீட்சிதர் பாடல்களுக்குக் கவலையில்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். 2033 முடியும்வரை அவருடைய பாடல்களுக்கு உரிமை பார்க்க வேண்டும். பாட்டு பழையது என்றாலும் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை இருக்கிறது. அவர்களிடம் வாங்கும் கையெழுத்துத் தாளில் மூன்று விஷயம் இருக்கட்டும்: முதல் ஒலிபரப்பு, மறுஒலிபரப்பு, இணையத்தில் ஏற்றுதல். சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் 100 வாட். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் பெரிது. புதுச்சேரியில் ஒலிபரப்பினால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடலூருக்கு எஃப்எம்மில் கேட்காது. அவர்கள் இணையத்தில்தான் கேட்பார்கள். மூன்றாவது கையெழுத்து இல்லையென்றால் பாதிப் பேரை இழக்கிறீர்கள்.

யூடியூபிலிருந்து இறக்கிய எதையும் போடாதீர்கள். உரிமையும் இல்லை, சத்தமும் நன்றாக இருக்காது.

4. கடிகாரத்தைப் பின்னிருந்து கட்டுங்கள்

இனிதான் நேரப் பங்கீடு. ஒரு தாளை எடுத்து, கீழே 10.00 என்று எழுதி, மேல்நோக்கி வாருங்கள். ஏழிலிருந்து கீழே வந்தால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் மிஞ்சி, கடைசியில் மங்களத்தின் கழுத்தை நெரிப்பதில் முடியும்.

அரிக்கமேட்டு மாலைக்கு இப்படி வரும். முடிவு அறிவிப்பு 9.55. கச்சேரி 9.05க்கு, ஐம்பது நிமிடம். அதற்கு முன் கலந்துரையாடல் 8.43க்கு. நாடகம் 8.00க்கு, நாற்பது நிமிடம். பாட்டு வாசிப்பு 7.36க்கு. ஆய்வுரை 7.16க்கு, பதினான்கு நிமிடம். அதற்கும் முன்னால் கடற்கரை ஒலிச்சித்திரம் 7.03க்கு. திறப்பு மூன்று நிமிடம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் ஒலிச்சித்திரம், ஏனென்றால் ஏழு மணிக்கு ரேடியோவைத் திருகுகிறவர் இன்னும் உட்காரவில்லை. ஒரு சொல் தவறினாலும் பாதகமில்லாத பகுதிதான் அங்கே நிற்கும். ஆனால் ஆய்வுரையை அதற்கு மேல் தள்ளாதீர்கள். மாலையிலேயே கடினமான பகுதி இரண்டாவதாக வர வேண்டும், காது புதிதாக இருக்கும்போது. "கொஞ்சம் சூடு பிடிக்கட்டும், அப்புறம் கனமானதைப் போடலாம்" என்று எட்டேமுக்காலுக்கு வைத்தவர்களின் பேச்சாளரைப் பாதிப் பேர் சோற்றுத் தட்டோடு தூங்கிக்கொண்டே கேட்டிருப்பார்கள்.

கலந்துரையாடலைக் கச்சேரிக்கு முன்னால் வைத்ததுதான் இந்த வரிசையின் சூட்சுமம். நாடகத்தையும் ராகத்தையும் நடுவில் வெட்ட முடியாது. கலந்துரையாடலை வெட்டலாம். அதனால் அதை பதினைந்து நிமிடத்திலும் முடியும், இருபதிலும் முடியும் என்று இரண்டு இடத்தில் முடிவு வருமாறு எடிட் செய்து வையுங்கள். அதுவரை சேர்ந்த தாமதத்தையெல்லாம் அது விழுங்கிக்கொள்ளும். அதோடு மூன்று நிமிட வீணை ஒன்றைத் தயாராக வையுங்கள். நேரம் மிஞ்சினால் கச்சேரிக்கு முன் போகும்.

தேதியும் கடிகாரத்தோடு சேர்ந்ததுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். புயல் இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்ப முடியாது. டிசம்பரில் வித்வான்களும் சென்னையில் இருப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை நல்ல காலம்.

5. ஆய்வுரை: கட்டுரையைப் படிக்க விடாதீர்கள்

பேராசிரியர் ஒருவரை அழைத்தால் அவர் கட்டுரையோடு வருவார். கட்டுரை கண்ணுக்கு எழுதியது. "மேற்கூறிய", "கீழ்க்காணும்", "முன்னது, பின்னது" இவையெல்லாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடிகிறவருக்கு. வானொலி கேட்பவருக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

நாங்கள் செய்வது இது. முதலில் போனில் அரை மணி நேரம் பேசி, அனுமதியோடு பதிவு செய்துகொள்வோம். அந்தப் பேச்சிலிருந்து அவருடைய சொந்த வாக்கியங்களையே எடுத்து ஒரு பிரதி எழுதி அவருக்கு அனுப்புவோம். "இது என் பேச்சு மாதிரியே இருக்கிறதே" என்று அவரே திருத்திக் கொடுப்பார். கட்டுரையைச் சுருக்கச் சொன்னால் யாரும் சுருக்கித் தருவதில்லை.

நிதானமாகப் படித்தால் தமிழில் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் போகும். பதினான்கு நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு சொல் போதும். அதில் வருடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். வீலர் 1945, கஸால் 1947, பெக்லி 1989 என்று அகழாய்வு செய்தவர்களை அடுக்கினால் கேட்பவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். "சுதந்திரத்துக்கு இரண்டு வருடம் முன்னால்" என்றால் பிடித்துக்கொள்வார்.

அடுத்த இடறல், படம் இருப்பது போலப் பேசுவது. "இந்த வகைப் பாண்டங்களின் அலங்காரத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் நிறுத்தி, "ஐயா, கையில் ஓடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உடனே வேறு தமிழ் வரும்: தட்டின் உள்பக்க அடியில் விரலை ஓட்டினால் வட்டம் வட்டமாகச் சின்னச் சின்னக் கீறல் தட்டுப்படும், மது வந்த ஜாடிக்கு இரண்டு காது, அடி கூராக இருக்கும், தரையில் தானாக நிற்காது. இவ்வளவு போதும், கேட்பவர் பார்த்துவிட்டார்.

மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக இருந்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஃபேன், ஏசி, பக்கத்து அறை ஃபிரிட்ஜ், சீறும் ட்யூப் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும் இடங்களில் இந்த வெற்றுச் சத்தம் வைத்தால்தான் ஒட்டு தெரியாது. அவசரத்தில் எல்லோரும் மறப்பது இதுதான்.

6. சங்கப் பாட்டு வாசிப்பு

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய பகுதி இது. பாட்டைப் படித்து, பொருள் சொல்லி, நகர்ந்துவிடுவது பொது வழக்கம். வானொலியில் அது எடுபடாது. பாட்டு ஓடும்போது கேட்பவர் ஒன்றும் புரியாமல் காத்திருக்கிறார். பொருள் வரும்போது பாட்டு போய்விட்டது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்று ஒரே வாக்கியம். பிறகு பாட்டு. பிறகு பொருள், இன்றைய தமிழில், விளக்கவுரை இல்லாமல். மூன்று நொடி மௌனம். மறுபடி பாட்டு. இரண்டாவது முறைதான் கேட்பவருக்குப் பாட்டு கிடைக்கிறது. ஒரு பாட்டுக்கு ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம்.

வாசிப்பவர் பிரதியில் மூச்சுக் குறி போட்டுக் கொடுங்கள். அகநானூற்று 149ஆம் பாட்டில் வரும் இரண்டு வரியைப் பாருங்கள் (யவனர் என்றால் கிரேக்க, ரோம வணிகர்கள்):

யவனர் தந்த வினைமாண் நன்கலம்
பொன்னொடு வந்து கறியொடு பெயரும்

அச்சில் வரி முடிகிறது என்பதற்காகப் புதியவர்கள் "நன்கலம்" என்றதும் முழுமூச்சாக நிறுத்துவார்கள். கப்பல் ஒரு வரியிலும் அது செய்யும் வேலை அடுத்த வரியிலும் தனித்தனியாக நின்றுவிடும். அங்கே அரைமூச்சு மட்டும். அடுத்த வரியில் "வந்து" என்பதற்குப் பிறகு ஒரு கண்ணிமை நேரம் நிறுத்தினால்தான், பொன் இறங்கியது, மிளகு ஏறியது என்ற கொடுக்கல் வாங்கல் காதில் விழும். இங்கே "கறி" என்றால் மிளகு என்பதை முன்வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கேட்பவர் மனம் சமையலறைக்குப் போய்விடும்.

இன்னொன்று. இந்தப் பாட்டு முசிறியைப் பற்றியது. மேற்குக் கரை, சேர நாடு. யவனர் வருகிறார்கள் என்பதற்காக அரிக்கமேட்டு மாலையில் அப்படியே போட்டால், பாடியது நம் ஊரைத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். போடலாம், ஆனால் "இது எதிர்க்கரைத் துறைமுகம்" என்று அறிவிப்பில் சொல்லிவிட்டுப் போடுங்கள். தமிழ் படித்த ஒருவராவது கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போன் செய்து திட்டினால் நியாயம் அவர் பக்கம்.

உணர்ச்சியைக் கொட்டி வாசிக்கிறவர்களையும் பட்டிமன்றக் குரல்காரர்களையும் தவிர்ப்பேன். பள்ளிக்கூடத்தில் சத்தமாகப் பாடம் படிக்கும் பிள்ளையின் குரல் இதற்கு நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. எங்கள் குழுவிலேயே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

7. கடற்கரை ஒலிச்சித்திரம்

அலையைப் பதிவு செய்வது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூரத்திலிருந்து எடுத்த அலை, ரேடியோவில் எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிவது போல இருக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாறைக்கற்களுக்கு அருகே மைக்கைக் கொண்டுபோய், அலை அடிக்கும் சத்தத்தைவிட அது கற்களுக்கு இடையே வடிந்து இறங்கும் களகளப்பை எடுங்கள். அதுதான் தண்ணீர் என்று காதுக்குத் தெரியும். அந்தச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டி கிடையாது. மாலையில் கூட்டம் இருக்கும், அதனால் விடியற்காலை போங்கள். மணல் கரை வேண்டுமானால் வீராம்பட்டினம்.

மீனவர்களிடம் பேசும்போது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "கடல்சார் மரபறிவு பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு மாணவர் கேட்டால், "அதெல்லாம் என்னத்த தம்பி சொல்றது" என்ற பதிலோடு முடிந்துவிடும். "அண்ணே, சோழகம் அடிக்கிறப்ப வலை எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று கேட்டால் நிறுத்த முடியாது. தெற்கே சோழகம், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான் என்று காற்றின் பெயர்களைத் தெரிந்துகொண்டு போனாலே அவர்கள் உங்களை மதித்துப் பேசுவார்கள். வீட்டுக்குள் வைத்துப் பேசவும் வேண்டாம். வலை பின்னும் இடத்திலேயே, கை வேலையாக இருக்கும்போது பேசட்டும்.

8. நாடகம்

குரல் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரே வயதில் இரண்டு ஆண் குரல் இருந்தால் யார் பேசுகிறார் என்று தெரியாது. அதனால் ஒன்றைக் கிழவராக்குங்கள், அல்லது பெண்ணாக்குங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரும் அவர் பேச ஆரம்பித்த சில நொடியில் இன்னொருவர் வாயில் வந்துவிட வேண்டும்.

பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை மாணவர்களும் இந்தப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களும் கிடைப்பது நமக்கு வரம். ஆனால் அவர்கள் கடைசி வரிசைக்குக் குரல் எறிந்து பழகியவர்கள். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்று எவ்வளவு சொன்னாலும் குரல் இறங்காது. எதிரே ஒருவரை உட்கார வைத்து, அவருடைய காதுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தானாக இறங்கும்.

பின்னணிச் சத்தம் ஒரு காட்சிக்கு ஒன்று போதும். அலை, காக்கை, மாட்டுவண்டி, கூட்டம் என்று எல்லாம் சேர்ந்தால் வசனம் மூழ்கிவிடும்.

9. கச்சேரிப் பதிவு

கலைஞரிடம் நேரத்தை முன்கூட்டியே, உருப்படி வாரியாகப் பேசி முடிவு செய்யுங்கள். "ஐம்பது நிமிடம் பாடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அறுபத்தைந்து வரும். பிரதான உருப்படிக்கு எவ்வளவு, தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் எத்தனை நிமிடம் என்று பக்கவாத்தியக்காரர்கள் முன்னிலையிலேயே பேச வேண்டும். தனியைப் பாடகரிடம் மட்டும் பேசிச் சுருக்குவது மிருதங்கக்காரருக்கு அவமரியாதை. அது வாசிப்பில் தெரியும்.

மாலையின் கேள்வியோடு கச்சேரியைக் கட்டாயமாக இணைக்க வேண்டாம். கடல் என்ற சொல் வரும் பாட்டாகத் தேடிப் பிடிப்பது சிறுபிள்ளைத்தனம். இணைப்பு வேண்டுமானால் ஓர் ஓதுவாரை முதலில் பாட வைக்கலாம். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பது மரபு. கடலில் எறியப்பட்டபோது அவர் பாடியதாகச் சொல்லும் பதிகம் காந்தார பஞ்சமப் பண்ணில் அமைந்தது.

நம் ஊர் ஈரப்பதத்தில் மிருதங்கத் தோலும் தம்புராத் தந்தியும் அறையின் சூட்டுக்கேற்ப மாறும். பேச்சுக்கு ஏசியை அணைக்கலாம் என்றேன். கச்சேரிக்கு நடுவில் அணைக்கவோ போடவோ கூடாது. கலைஞர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டு, ஒரே அளவில் கடைசிவரை விடுங்கள். லேசான ஏசி இரைச்சலைப் பின்னால் சமாளிக்கலாம், நடுவில் இறங்கிய சுருதியைச் சமாளிக்க முடியாது.

உருப்படி முடிந்ததும் சுருதி ஐந்து நொடியாவது தனியாக ஓடட்டும். கைதட்டலுக்கு முன்பே வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போடும்.

10. எடிட்டிங்

முதலில் விஷயத்தை வெட்டுங்கள், அப்புறம் இரைச்சல், கடைசியில் ஒலி அளவு. புதியவர்கள் இரைச்சலை நீக்குவதில் ஆரம்பித்து இரவெல்லாம் உட்கார்ந்து, தூக்கியெறியப் போகும் பத்து நிமிடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

மூச்சை முழுக்க நீக்காதீர்கள். மூச்சில்லாத பேச்சு, கேட்பவரையும் மூச்சுத் திணற வைக்கும். பேச்சின் உச்சம் மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பகுதிகளையும் ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைஸ் வசதியில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். நாடகத்துக்கு ஒருமுறை, கச்சேரிக்கு ஒருமுறை என்று கேட்பவர் எழுந்து வந்து குமிழைத் திருக வைக்கக் கூடாது. ஆனால் ஆலாபனையை கம்ப்ரஸ் செய்து தட்டையாக்காதீர்கள். மெல்ல ஆரம்பிப்பதுதான் அதன் அழகு. வேவ் கோப்பாகவே சேமியுங்கள்.

11. அறிவிப்புகளைக் கடைசியில் எழுதுங்கள்

எல்லாப் பதிவையும் முழுக்கக் கேட்ட பிறகே அறிவிப்பு எழுத வேண்டும். முன்பே எழுதினால், பேச்சாளர் முதல் வாக்கியத்தில் சொல்வதை அறிவிப்பாளரும் சொல்லியிருப்பார்.

நாற்பது நொடிக்குள் முடியட்டும். என்ன, யார், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் இருக்கட்டும். "அடுத்த பதினான்கு நிமிடம்" என்று சொல்லிவிட்டால் கேட்பவர் உட்காருவதா எழுவதா என்று முடிவு செய்துகொள்வார். அற்புதமான, அருமையான, ஒப்பற்ற என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அதைக் கேட்பவர் சொல்லட்டும். கச்சேரியில் ராகம், தாளம், இயற்றியவர் முன்னால். பாடியவர், வாசித்தவர் பெயர் முன்னாலும் பின்னாலும். கடமும் கஞ்சிராவும் விட்டுப்போகக் கூடாது.

பிரெஞ்சுப் பெயர்களைத் தெரிந்தவரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது புதுச்சேரி, யாராவது ஒரு தாத்தா திருத்துவதற்காகவே போன் செய்வார்.

12. ஒலிபரப்பு இரவு

அறிவிப்பாளர் மட்டும் நேரலை, மற்றதெல்லாம் பதிவு. முதல் முறையே கச்சேரியை நேரலையாகப் போடும் துணிச்சல் வேண்டாம்.

ஓட்டத் தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் தொடங்கும் நேரம், நீளம், முதல் சொற்கள், கடைசிச் சொற்கள் இருக்க வேண்டும். கடைசிச் சொல் தெரியாவிட்டால், நாடகத்தின் நடுவில் வரும் ஒரு நீண்ட மௌனத்தை முடிவு என்று நினைத்து அறிவிப்பாளர் மைக்கைத் திறந்துவிடுவார். எல்லாக் கோப்புகளும் இரண்டு கணினியில் இருக்கட்டும். யூபிஎஸ்ஸை அன்று மதியமே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். ஸ்டுடியோவுக்குள் செல்போன் வேண்டாம்.

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: பல நிலையங்களின் மென்பொருளில், சில நொடி சத்தமில்லாமல் போனால் தானாக ஒரு பாட்டை ஓட்டும் ஏற்பாடு இருக்கும். நீங்கள் பாட்டு வாசிப்பில் பார்த்துப் பார்த்து வைத்த மௌனத்துக்குள் ஒரு குத்துப்பாட்டு நுழைந்துவிடும். அது எத்தனை நொடிக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று முன்பே பாருங்கள். அன்றிரவுக்கு மட்டும் இருபது நொடியாக்குங்கள். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கடிகாரம் பார்ப்பவர் வேறு எதையும் செய்யக் கூடாது. டீ வாங்கக்கூட அனுப்பாதீர்கள். 8.40க்கு அவர் சொல்லும் ஒரு சொல்லில்தான் கலந்துரையாடல் பதினைந்தா இருபதா என்பது இருக்கிறது.

13. மறுநாள்

ஒலிபரப்பான பதிவை மூன்று மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. பங்கேற்ற எல்லோருக்கும் அவரவர் பகுதியை அனுப்புங்கள், வலை பின்னிக்கொண்டே பேசிய அண்ணனுக்கும் சேர்த்து. ஓதுவாருக்கும் வித்வான்களுக்கும் கொடுப்பதாகச் சொன்ன சன்மானத்தை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை அழைக்க முகம் வேண்டும்.

கலந்துரையாடலிலிருந்து வெட்டி எடுத்த நிமிடங்களை அழிக்க வேண்டாம். அதில் நல்ல பத்து நிமிடம் எப்படியும் தேறும், வாரநாளில் தனி நிகழ்ச்சியாகப் போடலாம். போடும் முன் பேசியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.